ஒரே அறையின் இரண்டு திறப்பு விழாக்கள்

எண்ணூர்
9.7.2025

அன்புள்ள மங்கைக்கு,

எண்ணூர் முன்னாள் படைவீரர் நலச் சங்கத்தின் செயற்குழு கடந்த ஞாயிற்றுக்கிழமை சங்க இல்லத்தில் கூடி, நீண்ட விவாதத்துக்குப் பிறகு, இல்லத்தின் மேற்குக் கதவுக்கு உட்புறமாக ஒரு தாழ்ப்பாள் பொருத்துவது என்று ஒருமனதாகத் தீர்மானித்தது. சங்கத்தின் பதினோரு ஆண்டு வரலாற்றில் ஒருமனதாக நிறைவேறிய முதல் தீர்மானம் இது. தாழ்ப்பாள் இரும்பில் இருக்க வேண்டும் என்பது தரைப்படையைச் சேர்ந்த ஐந்து பேரின் கருத்து. கடல் காற்றுக்கு இரும்பு ஆறு மாதம் தாங்காது, பித்தளைதான் வேண்டும் என்று கடற்படையைச் சேர்ந்த செயலாளர் பிராங்கிளின் வாதிட்டார். ஒரே ஆளைக் கொண்ட விமானப்படை நடுநிலை வகித்தது. பித்தளைத் தாழ்ப்பாளைத் தானே வாங்கித் தருவதாக பிராங்கிளின் சொன்னதும் தரைப்படை தன் கருத்தை மறுபரிசீலனை செய்தது.

மறுநாள் மாலை நீ கேரம் சொல்லிக் கொடுக்கும் பெண்களோடு வந்து வெளியிலிருந்து கதவைத் தட்டினாய். நாங்கள் நால்வர் உள்ளே இருந்தும் பதில் சொல்லவில்லை. இதில் அவமதிப்பு நோக்கம் எதுவும் இல்லை. யாராவது தட்டினால் என்ன சொல்வது என்பது பற்றித் தீர்மானத்தில் ஒன்றும் இல்லை, அவ்வளவுதான்.

அதற்கு அடுத்த நாள் காலை நான் பால் வாங்கி வருவதற்குள் நீ மாதவரத்தில் மகள் வீட்டுக்குப் போய்விட்டாய். போனையும் எடுப்பதில்லை. அன்புக்கரசியைக் கேட்டால், "லெட்டர் போட்டா அம்மா பதில் போடுமாம். போன்ல பேசாதாம்பா" என்கிறாள். எனவே இக்கடிதம்.

அந்த அறை, முன்னாள் படைவீரர்களுக்காக நமது சட்டமன்ற உறுப்பினர் தம் தொகுதி நிதியிலிருந்து கூரை மாற்றி, சுண்ணாம்பு அடித்து, மின்விசிறி போட்டுக் கொடுத்தது. கிழக்கு வாசலில் கல்வெட்டு இருக்கிறது. வந்து படித்துப் பார்க்கலாம்.

சாம்பார் பொடி எங்கே இருக்கிறது என்று தெரிவிக்கவும்.

இப்படிக்கு,
தண்டபாணி
ஹவில்தார் (ஓய்வு), சங்கத் தலைவர்


மாதவரம்
12.7.2025

அன்புக்கரசி அப்பாவுக்கு,

பச்சை மூடி போட்ட டப்பா. நீங்கள் ஓய்வு பெற்று வந்த நாளிலிருந்து அதே இடத்தில்தான் இருக்கிறது.

ஏன் கடிதம் என்று கேட்பீர்கள். நீங்கள் பட்டாளத்தில் இருந்த இருபத்திரண்டு வருடமும் நாம் சண்டை போட்டது கடிதத்தில்தான். பெரும்பாலும் நான்தான் ஜெயித்தேன். நீங்கள் ஊருக்கு வந்து நேருக்கு நேர் சண்டை போட ஆரம்பித்த பிறகுதான் தெருவே வந்து கூடி நிற்கிறது. நேரில் என்றால் எனக்கும் வாயில் "யோவ்" வந்துவிடுகிறது. கடிதத்தில் உங்களுக்குக் கத்த வராது. எனக்கும் மரியாதை தவறாது. அதனால் இது கடிதத்திலேயே முடியட்டும்.

மேற்கு வாசலிலும் ஒரு கல்வெட்டு இருக்கிறது. "மகளிர் கேரம் பயிற்சி மையம்." தேதி அதே ஜூன் 29. திறந்து வைத்தவர் அதே சட்டமன்ற உறுப்பினர். காலையில் கிழக்கு வாசல் வழியாக வந்து உங்களுக்குத் திறந்தார். மாலையில் மேற்கு வாசல் வழியாக வந்து எங்களுக்குத் திறந்தார். எங்கள் ரிப்பனை வெட்டிவிட்டு உள்ளே வந்தவர், சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு உதவியாளர் ரவிக்குமாரைக் கூப்பிட்டு, "இன்னாப்பா, இதே மாதிரி ரூமு ஒண்ண காலைல எங்கியோ பாத்தமே?" என்று கேட்டார். "அது வேற தெரு சார்" என்றான் அவன்.

அவனைச் சொல்லிக் குற்றமில்லை. உண்மையிலேயே வேறு தெருதான். உங்கள் சங்கம் மெயின் ரோட்டு முகவரி போட்டு மனு கொடுத்தது. நான் பின்தெரு முகவரி போட்டுக் கொடுத்தேன். மனு நாளன்று இரண்டு பேரும் ஒரே வீட்டிலிருந்து கிளம்பி, ஒரே ஆட்டோவில் போய், ஒரே வரிசையில் நின்றோம். என் கையில் என்ன என்று நீங்கள் கேட்கவில்லை. உங்கள் கையில் என்ன என்று நானும் கேட்கவில்லை. முப்பது வருடக் குடித்தனத்தில் வந்த பழக்கம்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஆகஸ்ட் 24-ஆம் தேதி மாநில அணிக்கான தேர்வு. என் பெண்களில் மோகனப்ரியா போன வருடம் ஒரே ஒரு காயில் வாய்ப்பை விட்டவள். இந்த முறை அணியில் இடம் கிடைத்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்கு வழி இருக்கிறது. கிடைக்காவிட்டால் அவள் அப்பா, ஆவணியில் கல்யாணம் என்று பேசி வைத்திருக்கிறார். மாப்பிள்ளைக்குச் சொந்தமாக ஒரு விசைப்படகும், அதைவிடச் சத்தமாக ஒரு அம்மாவும் இருப்பதாகக் கேள்வி.

எண்ணூரில் வெளியில் போர்டு போட்டு ஆட முடியாது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. காலையில் துடைத்த போர்டில் மதியம் அனல்மின் நிலையச் சாம்பல் மேல் விரலால் பெயர் எழுதலாம். ஸ்ட்ரைக்கர் மணலில் சிக்கின மீன்பாடி வண்டி மாதிரி பாதியில் நிற்கும். நம் வீட்டு ஹாலில் ஆடினால் உங்களுக்கு டிவி மறைக்கிறது. நாலு சுவரும் மூடுகிற கதவும் உள்ள இடம் அந்தப் பெண்களுக்கு ஊரிலேயே அது ஒன்றுதான். அதற்குத்தான் நீங்கள் தாழ்ப்பாள் போட்டிருக்கிறீர்கள். அதுவும் பித்தளையில்.

அதைக் கழற்றினால் வருவேன்.

மங்கை


எண்ணூர்
21.7.2025

அன்புள்ள மங்கைக்கு,

சாம்பார் பொடி கிடைத்தது. அது மிளகாய்ப் பொடியாக இருந்தது.

இரண்டாவது கல்வெட்டு பற்றிய உன் தகவல் செயற்குழுவின் பார்வைக்கு வைக்கப்பட்டது. காலையில் திறக்கப்பட்ட அறையை மாலையில் திறக்க முடியாது, ஏனெனில் அது ஏற்கெனவே திறந்திருந்தது என்று செயற்குழு கருதுகிறது. மேலும், அத்துமீறலைத் தடுக்க முறைவைத்து அறைக்குள் ஒருவர் காவல் இருப்பது என்றும் முடிவாகியிருக்கிறது.

சட்டமன்ற உறுப்பினர் எங்கள் மேல் வைத்திருக்கும் மதிப்பில் குறை காண முடியாது. இந்த மாதத்தில் மட்டும் ஒரு காதுகுத்து, ஒரு கூழ் வார்த்தல், ஒரு குடிநீர் இயந்திரம், ஒரு கால்பந்து இறுதிப் போட்டி. எல்லாவற்றுக்கும் எங்களைப் பதக்கங்களோடு முன்வரிசையில் உட்கார வைத்துப் பொன்னாடை போர்த்தினார். காதுகுத்தில் குழந்தை வீறிட்டபோது மைக்கை வாங்கி, "பார்டர்ல குண்டு பட்டப்பகூட அழுவாத நைனாங்க இதோ குந்திகினு கீறாங்க. நீ இன்னாத்துக்குடா செல்லம் அழுவுற?" என்றார். எங்களில் யாருக்கும் குண்டு பட்டதில்லை. திருத்தம் சொல்ல மைக் கிடைக்கவில்லை.

நம் தகராறு அவர் காதுக்கும் போயிருக்கிறது. நேரில் வந்து அறையின் நடுவில் நின்று யோசித்தார். "நடுவுல ஒரு செவுரு எழுப்பிடு. பேஜாரு தீந்துச்சு" என்றார். ரவிக்குமார் அளந்து பார்த்தான். பாதி அறையில் கேரம் போர்டைப் போட்டால் ஆடுகிறவர்கள் உட்கார முடியாது. மறுபாதியில் சங்கத்தின் மேஜையைப் போட்டால் தலைவர் உட்கார முடியாது. "அப்ப செவுத்த ஒல்லியா கட்டு" என்று சொல்லிவிட்டு ஒரு வரவேற்புக்குக் கிளம்பிப் போனார். இது பரிசீலனையில் இருக்கிறது.

மங்கை, ஒன்று சொல்கிறேன். நாங்கள் ஏழு பேரில் ஆறு பேர் கன்டெய்னர் யார்டுகளிலும் ஏடிஎம்களிலும் காவல் வேலை பார்க்கிறோம். யாருக்கும் எங்கள் பெயர் தெரியாது. "வாட்ச்மேன், கேட்டத் தொற." அவ்வளவுதான். சொல்கிறவனுக்கு அன்புக்கரசியைவிட வயது குறைவு. அந்த அறைக்குள் வந்தால்தான் ஒருவரை ஒருவர் ஹவில்தார் சாப் என்றும் பெட்டி ஆபீசர் என்றும் கூப்பிட்டுக்கொள்கிறோம். அந்த அறையால் எங்களுக்கு வேறு உபயோகம் இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். இதை உன்னிடம் நேரில் சொன்னதில்லை. கடிதம் என்பதால் வந்துவிட்டது.

பிராங்கிளின் வீட்டிலிருந்து ஃப்ளோரா அம்மா நேற்று வஞ்சிரக் குழம்பு கொடுத்தனுப்பினார். நன்றாக இருந்தது என்று சொல்வதால் உனக்குக் கோபம் வராது என்று நம்புகிறேன்.

தண்டபாணி


மாதவரம்
24.7.2025

அன்புக்கரசி அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் பிரித்ததும் மடியில் ஏதோ வெள்ளையாகக் கொட்டியது. விரலில் தேய்த்துப் பார்த்தேன். முகத்துக்குப் பூசுகிற பவுடர் இல்லை. வாசனையும் இல்லை. கேரம் பவுடர்.

அந்த அறையில் நாங்கள் விட்டு வந்த போர்டு மோகனப்ரியாவுடையது. அவள் மாமா மஸ்கட்டிலிருந்து அனுப்பியது. அதன் மேல் கை வைத்தது தரைப்படையா, கடற்படையா, விமானப்படையா என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

இங்கே அன்புக்கரசி குடியிருப்பின் கார் நிறுத்துமிடத்தில் ஒரு பழைய போர்டைப் போட்டு ஆடுகிறோம். ரோட்டில் டிரெய்லர் லாரி போகும்போதெல்லாம் தரை அதிர்கிறது, காய்கள் தாமாகவே நகர்கின்றன. நேற்று ஒரு சிமென்ட் லாரி சிவப்புக் காயைக் குழிக்குள் தள்ளிவிட்டது. அது யார் கணக்கு என்று அரை மணி நேரம் விவாதம். மோகனப்ரியா இப்போது லாரி வருகிற திசையைப் பார்த்துவிட்டு அடிக்கப் பழகியிருக்கிறாள். தேர்வு நடக்கிற இடத்தில் லாரி வராது. அங்கே அவள் என்ன செய்வாள்? எண்ணூரிலிருந்து வந்து திரும்ப பஸ்ஸில் அவளுக்குப் பாதி நாள் போய்விடுகிறது. அவள் அப்பா, "கேரம் ஆடறதுக்கு இன்னாத்துக்கு மாதவரம்? மாப்ள வூட்டாண்ட போர்டு இல்லியா?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்.

நீங்கள் எழுதியதில் யார்டு பற்றிய பகுதியை இரண்டு முறை படித்தேன். யோசிக்கிறேன்.

வஞ்சிரக் குழம்பு பற்றிக் கோபம் இல்லை. ஃப்ளோராவிடம் பாத்திரத்தைக் கழுவித் திருப்பிக் கொடுங்கள்.

மங்கை


எண்ணூர்
28.7.2025

அன்புள்ள மங்கைக்கு,

பவுடர் தொடர்பான குற்றச்சாட்டு குறித்து விசாரித்ததில் தெரிய வந்தவை:

காவல் பணியில் இருப்பவருக்கு அறைக்குள் செய்ய வேலை ஒன்றும் இல்லை. கேட்பாரற்றுக் கிடக்கும் எந்தப் பொருளையும் அவ்வப்போது இயக்கிப் பார்க்காவிட்டால் அது கெட்டுவிடும் என்பது முப்படைகளிலும் உள்ள நடைமுறை. அதன்படி போர்டு பராமரிக்கப்பட்டது. முதலில் ஒருவர் பராமரித்தார். ஒருவரே பராமரித்தால் அலுப்பாக இருக்கிறது என்பதால் காவலுக்கு இரண்டு பேர் போடப்பட்டார்கள். இரட்டையர் பராமரிப்புக்கு நாலு பேர் தேவைப்பட்டது. தற்போது ஏழு பேரும் காவலில் இருக்கிறோம்.

இதில் எழுந்த ஒரு சந்தேகத்துக்கு நீதான் தீர்ப்புச் சொல்ல வேண்டும். பிராங்கிளின் சிவப்புக் காயைப் போட்டார். அடுத்த அடியில் தன் காய் எதையும் போடவில்லை. சிவப்பு தன்னுடையதே என்கிறார். "கப்பல்ல இப்டிதான் நைனா ஆடுவோம்" என்கிறார். கப்பல் ஆடுகிறபோது எந்தக் காய் எங்கே போகும் என்று யார் கண்டது? இதனால் அவரும் விமானப்படையும் மூன்று நாளாகப் பேசிக்கொள்வதில்லை.

வெளியே காற்று வாங்கிக்கொண்டு ஆடலாம் என்று ஒரு நாள் போர்டை வாசலில் போட்டோம். சாம்பல் பற்றி நீ எழுதியது சரிதான்.

தாழ்ப்பாளைக் கழற்றுவதில் எனக்குத் தனிப்பட்ட முறையில் ஆட்சேபம் இல்லை. ஆனால் ஒருமனதாகச் செய்த தீர்மானத்தை ஒருமனதாகத்தான் ரத்து செய்ய முடியும். பிராங்கிளின் மறுக்கிறார். அது அவர் வாங்கிக் கொடுத்த தாழ்ப்பாள். தினமும் எலுமிச்சம்பழம் போட்டுத் துலக்குகிறார்.

நேற்று நானே தோசை வார்த்தேன். கல்லிலிருந்து எடுக்க முடியாததால் கல்லிலேயே சாப்பிட்டேன்.

தண்டபாணி


மாதவரம்
1.8.2025

அன்புக்கரசி அப்பாவுக்கு,

சிவப்பைப் போட்டுவிட்டு அடுத்த அடியில் தன் காயைப் போடாவிட்டால், சிவப்பு மறுபடி நடுவுக்குப் போக வேண்டும். கப்பலாக இருந்தாலும் சரி, கரையாக இருந்தாலும் சரி. பிராங்கிளின் அண்ணனிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

யோசிக்கிறேன் என்று எழுதியிருந்தேன் அல்லவா, யோசித்து முடித்துவிட்டேன். நேற்று திருவொற்றியூருக்குப் போய் சட்டமன்ற உறுப்பினரைப் பார்த்தேன். மனு நாள். இந்த முறை மனு எதுவும் கொண்டு போகவில்லை. என்னைப் பார்த்ததும், "வாம்மா, செவுரு கட்டியாச்சா?" என்றார்.

"செவுரு வாணாம் சார், கல்லு வெச்சுக் குடுங்க" என்றேன்.

"ஏற்கெனவே ரெண்டு கல்லு கீதேம்மா?"

"ரெண்டுலயும் உங்க பேருதான் சார் கீது. ஒண்ணுல பெருசா, இன்னொண்ணுல அதவிடப் பெருசா. பட்டாளத்துல இருந்துட்டு வந்த ஏழு பேரு பேரு ஒரு இடத்துலயும் இல்ல."

கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தார். பிறகு ரவிக்குமாரைப் பார்த்து, "அட, ஆமால்ல?" என்றார். உண்மையாகவே வருத்தப்பட்டார் என்றுதான் எனக்குத் தோன்றியது. அவர் மனதில் கெட்டது ஒன்றும் இல்லை. கொஞ்சம் ஞாபகம் இருந்திருந்தால் நல்ல மனிதர்.

"எவ்ளோ பெரிய கல்லும்மா?"

"ஏழு பேரு, அவங்க ரேங்க்கு, எந்தப் படை, எவ்ளோ வருஷம். மேல உங்க பேரு. ஆறடி ஒசரம், நாலடி அகலம் ஆவும் சார்."

"எங்க வெக்கிறது?"

"மெயின் ரோட்டப் பாத்த மாதிரி வைங்க. கன்டெய்னர் லாரிக்காரன் ஒசரத்துல குந்திகினு போறப்ப படிக்கிற மாதிரி."

ஆகஸ்ட் 15 அன்று திறப்பதாகச் சொல்லிவிட்டார். ஆறடிக்கு நாலடி என்பது நானாகச் சொன்னதல்ல. முந்தின நாள் மோகனப்ரியா அந்த அறையின் முன்புறம் போய் டேப் வைத்து அளந்து வந்தாள்.

பெயருக்கு முன்னால் ரேங்க் வர வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன். மற்ற விவரங்களை உங்கள் சங்கம் பார்த்துக்கொள்ளட்டும்.

தோசைக்கல்லை ஊற வையுங்கள். சுரண்ட வேண்டாம்.

மங்கை


எண்ணூர்
6.8.2025

அன்புள்ள மங்கைக்கு,

கல் பற்றிய உன் கடிதத்தைச் செயற்குழுவில் வாசித்தேன். விமானப்படை மூக்கைச் சிந்தியது. பிறகு பெயர்களின் வரிசை பற்றிய விவாதம் தொடங்கியது. அது இன்னும் முடியவில்லை.

ரேங்க் வரிசை என்றால் சுபேதார் வரதன் முதலில் வருவார். சேவைக்கால வரிசை என்றால் பிராங்கிளின். படைகளின் வரிசை என்றால் தரைப்படை. வயது வரிசையை விமானப்படை முன்மொழிந்தது. அதை ஆதரிக்க ஆளில்லை. இறுதியில் அகர வரிசை என்று ஆனது. அதனால் ஆறு பேருக்கும் சம அளவு திருப்தியின்மை. அன்பரசன் மட்டும் டீ வாங்கிக் கொடுத்தார்.

பொறியாளர் வந்து இடம் பார்த்தார். மெயின் ரோட்டைப் பார்த்த கிழக்குச் சுவரில் ஒரு பக்கம் ஜன்னல், ஒரு பக்கம் மின் மீட்டர், நடுவில் நம் வாசல். "இவ்ளோ பெரிய கல்லுக்கு எடம் இல்லியே சார், சின்னதா ஒண்ணு போட்டுக்கலாமா?" என்றார். ஏழு பேரும் ஒரே குரலில் மறுத்தோம். கல்லின் அளவை ஒரு அங்குலமும் குறைக்காமல், கிழக்குச் சுவரில் எங்கே கொள்ளுமோ அங்கே பதிக்க வேண்டும் என்று அந்த இடத்திலேயே தீர்மானம் போட்டோம். சங்க வரலாற்றில் ஒருமனதாக நிறைவேறிய இரண்டாவது தீர்மானம். பொறியாளர் மறுபடி சுவரைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், "உங்க இஷ்டம் சார்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

விழாவுக்கு நீ வர வேண்டும்.

மங்கை, அளவை எதற்கு மோகனப்ரியா அங்கே போய் எடுத்தாள் என்று பிராங்கிளின் கேட்கிறார். பெண் பிள்ளைக்குத்தான் எத்தனை அக்கறை என்று சொல்லி வைத்தேன்.

தண்டபாணி


மாதவரம்
11.8.2025

அன்புக்கரசி அப்பாவுக்கு,

விழாவுக்கு நான் வரவில்லை. தேர்வுக்கு இரண்டு வாரம்கூட இல்லை. மற்ற மூன்று பெண்களுக்கும் இங்கேதான் பயிற்சி. மோகனப்ரியாவை மட்டும் 14-ஆம் தேதியிலிருந்து எண்ணூரிலேயே இருக்கச் சொல்லியிருக்கிறேன். இரண்டு சின்னப் பெண்களைத் துணைக்குச் சேர்த்துக்கொள்வாள். எங்கே ஆடுவாள் என்று கேட்காதீர்கள்.

பதக்கங்கள் பீரோவில் என் கல்யாணப் புடவைக்கு அடியில் இருக்கின்றன. வெள்ளைச் சட்டைக்குக் கஞ்சி போட பிராங்கிளின் அண்ணன் வீட்டில் கொடுங்கள். நீங்களே போட்டால் சட்டை தானாக நிற்கும்.

கல்லில் உங்கள் பெயர் எப்படி இருக்கிறது என்று பார்க்க ஆசைதான். இருந்தாலும் தாழ்ப்பாள் என்று ஒன்று இருக்கிறதே.

மங்கை


எண்ணூர்
16.8.2025

அன்புள்ள மங்கைக்கு,

விழா சிறப்பாக நடந்தது. விவரம் பின்வருமாறு.

கொத்தனார் 14-ஆம் தேதி மதியம் வந்தார். அப்போது உள்ளே காவலில் இருந்தவர் பிராங்கிளின். சாப்பிட்டுவிட்டு, சாம்பல் வராமல் ஜன்னலைச் சாத்திக்கொண்டு, மின்விசிறிக்கு அடியில் படுத்திருந்தார். கப்பலில் இன்ஜின் அறையிலேயே இருந்ததால் அவருக்கு வலது காது கேட்காது என்பது உனக்குத் தெரியும். இடது காதைத் தலையணையில் வைத்துத் தூங்கியிருக்கிறார். கொத்தனார் கிழக்கு வாசலைப் பார்த்து, "உள்ள யாராச்சும் கீறீங்களா?" என்று இரண்டு முறை கேட்டதாகச் சொல்கிறார். பதில் இல்லாததால் கதவைக் கழற்றி வைத்துவிட்டு வாசலைச் செங்கல் வைத்து மூடி, அதன் மேல் கல்லைப் பதித்துவிட்டார். கிழக்குச் சுவரில் கல்லின் அளவைக் குறைக்காமல் கொள்ளும் இடம் அது ஒன்றுதான் என்பது பொறியாளரின் கணக்கு. கணக்கு சரியாகத்தான் இருந்தது. அரை அங்குலம்கூட வித்தியாசம் இல்லை.

பிராங்கிளின் விழித்தபோது ஒரே இருட்டு. கரண்ட் போய்விட்டது என்று நினைத்திருக்கிறார். மின்விசிறிக் காற்று முகத்தில் பட்டதும் கண் போய்விட்டது என்று நினைத்திருக்கிறார். தட்டித் தடவி மேற்குக் கதவுக்கு வந்து தாழ்ப்பாளைத் தானே திறந்தார். வெளியே படியில் மோகனப்ரியாவும் இரண்டு பெண்களும் ஸ்ட்ரைக்கரைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"இன்னா அங்கிள், நல்லா தூக்கமா?" என்றாள்.

"யாரக் கேட்டு இங்க குந்திகினு கீற?"

"யாரையும் கேக்கல அங்கிள். உங்க பேர முன்னாடி பெருசா போட்டுக்கிறாங்க. பாக்கலியா?"

அவர் முன்பக்கம் போனார். பெட்டி ஆபீசர் பிராங்கிளின், இந்தியக் கடற்படை என்று இருந்தது. நின்று படித்தார். ரோட்டைத் தாண்டிப் போய் நின்று படித்தார். பிறகு ஃப்ளோரா அம்மாவைக் கூட்டி வந்து காட்டிப் படித்தார். திரும்பிப் பின்பக்கம் வந்தபோது மேற்குக் கதவு உட்புறமாகத் தாழிடப்பட்டிருந்தது. தட்டினார். பதில் இல்லை.

மறுநாள் சட்டமன்ற உறுப்பினர் துணியை விலக்கிக் கல்லைத் திறந்தார். ஏழு பெயரையும் ரேங்க்கோடு மைக்கில் வாசித்தார், ஒன்றுகூடத் தப்பில்லாமல். இதற்காக ராத்திரியெல்லாம் சொல்லிப் பார்த்ததாக ரவிக்குமார் சொன்னான். கூட்டத்தால் போக்குவரத்து நின்றிருந்தது. எங்கள் யார்டுக்கு வரும் டிரெய்லர் ஒன்றும் அதில் மாட்டிக்கொண்டிருந்தது. டிரைவர் மேலே இருந்தபடி எழுத்துக் கூட்டிப் படித்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

"யோவ் வாட்ச்மேன், ஹவில்தார் தண்டபாணின்றது நீயா?"

"ஆமாம்" என்றேன்.

"இன்னா சாப், இத்தினி நாளு சொல்லவே இல்ல?" என்று வண்டியை அணைத்துவிட்டு இறங்கி வந்து கை கொடுத்தான்.

அதற்குப் பிறகு சட்டமன்ற உறுப்பினர், "வாங்க நைனா, உள்ள போயி ஆளுக்கொரு டீ சாப்டுவோம்" என்று நடந்து போய்க் கல்லுக்கு முன்னால் நின்றார். இடது பக்கம் பார்த்தார். வலது பக்கம் பார்த்தார்.

"ஏம்பா, இந்த ரூமுக்கு வாசலு எங்க?"

"பின்னால சார்" என்றான் ரவிக்குமார். எல்லோரும் சுற்றிக்கொண்டு பின்தெருவுக்குப் போனோம். அவர் தட்டியதும் திறந்தார்கள். உள்ளே மோகனப்ரியா ஆடிக்கொண்டிருந்தாள். ஒரே மூச்சில் ஒன்பது காயையும் சிவப்பையும் போட்டதை அவர் நின்று பார்த்தார். "அடி தூள்! கண்ணு, நீ நம்ம தொகுதியா?" என்று எங்களுக்கு வைத்திருந்த பொன்னாடையில் ஒன்றை அவளுக்குப் போர்த்திவிட்டார். அதனால் விமானப்படைக்குக் கிடைக்கவில்லை. மோகனப்ரியாவின் அப்பாவும் கூட்டத்தில் இருந்தார். சட்டமன்ற உறுப்பினர் அவர் தோளில் கை போட்டு, "பொண்ணு மெட்ராஸ் பேர காப்பாத்தப் போவுது. கல்யாணம் கில்யாணம்னு பேசிகினு இருந்த, நானே வந்து நிறுத்துவேன்" என்று சொன்னார். அவருக்கு யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை. மனு நாளில் கல்லைத் தவிர வேறு எதுவும் பேசியதாக நீ எழுதவில்லை.

செயற்குழுவின் அடுத்த கூட்டம் வரும் புதன்கிழமை மாலை ஆறு மணிக்கு. மேற்குக் கதவுக்கு வெளிப்பக்கம் ஒரு பூட்டும் தொங்குகிறது. அதன் சாவி யாரிடம் இருக்கிறது என்று தெரிவிக்கவும்.

கல் நன்றாக இருக்கிறது. வந்து பார்.

தண்டபாணி


மாதவரம்
18.8.2025

அன்புக்கரசி அப்பாவுக்கு,

சாவி மோகனப்ரியாவிடம் இருக்கிறது. புதன்கிழமை பயிற்சி ஏழு மணி வரை. அது வரைக்கும் தட்ட வேண்டாம், கவனம் கலையும். அவர்கள் முடித்ததும் அறையைக் கூட்டி, மேஜையை நடுவில் இழுத்துப் போட்டுவிட்டுப் போவார்கள். அவளிடம் சொல்லியிருக்கிறேன்.

தாழ்ப்பாளைக் கழற்றச் சொல்லி இனி நான் கேட்க மாட்டேன். நல்ல தாழ்ப்பாள். பிராங்கிளின் அண்ணனுக்கு நன்றி சொல்லுங்கள்.

கல்லைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லி அன்புக்கரசி நச்சரித்தாள். வேண்டாம், நேரில்தான் பார்ப்பேன் என்று சொல்லிவிட்டேன். வெள்ளிக்கிழமை காலை வருகிறேன். மெயின் ரோட்டில் இறங்கி அந்தப் பக்கமாகவே நடந்து வருகிறேன். நீங்கள் அங்கே நின்றால் போதும், பஸ் ஸ்டாண்டுக்கு வர வேண்டாம். நேரில் பார்த்ததும் வாயில் என்ன வரும் என்று சொல்ல முடியாது. இப்போதே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

மங்கை


எண்ணூர்
21.8.2025

அன்புள்ள மங்கைக்கு,

புதன்கிழமைச் செயற்குழு மாலை ஏழேகால் மணிக்குத் தொடங்கியது.

தண்டபாணி